சீட்டு நடத்தி ஏமாற்றியவரைக் கடவுள் மன்னித்துவிட்டாரா?

பந்தலூர்ப் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அப்பா தோட்டத் தொழிலாளி. சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம். மாதாமாதம் ஏலச்சீட்டில் போட்டதும், ஓய்வு பெற்றபோது வந்த கிராஜுவிட்டியில் எடுத்துக் கொடுத்ததும் சேர்த்து 1,80,000 ரூபாய், சீட்டு நடத்தியவரிடம் மாட்டிக்கொண்டது. சீட்டு முறிந்தது. பணம் வரவில்லை. அந்த ஏக்கத்தோடேயே அப்பா போய்ச் சேர்ந்தார். இப்போது அந்த மனிதர் மனந்திரும்பி, ஞானஸ்நானம் எடுத்து, போன மே மாதம் கன்வென்ஷன் மேடையில் சாட்சி சொல்லியிருக்கிறார்: "எனக்கு விரோதமான கையெழுத்தையெல்லாம் கர்த்தர் சிலுவையில் ஆணியடித்துவிட்டார்." கூட்டம் அல்லேலூயா போட்டிருக்கிறது. சபைக்குப் போகிற அம்மாவிடம் போதகர், "நீங்களும் மன்னிச்சிடுங்கம்மா, இல்லேன்னா உங்களுக்கும் மன்னிப்பில்ல" என்றாராம். அப்பா கடைசிவரை மாரியம்மன் கோயிலுக்குப் போனவர். "அப்போ ஏமாத்துனவர் பரலோகம், ஏமாந்தவர் நரகமா? இதுதான் உங்க கடவுளோட நீதியா ஐயா?" இதுதான் கேள்வி.

தம்பி, பணத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றதெல்லாம் அதைப் பிடித்துத்தான் வரும்.

அவரைக் கடவுள் மன்னித்தாரா என்பது அவருக்கும் கடவுளுக்கும் இடையிலான விஷயம். மன்னித்திருக்கலாம், எனக்கு ஆட்சேபனை இல்லை. ஆனால் மன்னித்திருந்தாலும் உங்கள் அப்பாவின் 1,80,000 ரூபாய் அவர் தலைமேல் அப்படியே நிற்கிறது. ஒருவன் ஏமாற்றி எடுத்த பணத்தை, பறிகொடுத்தவனைக் கேட்காமல் கடவுள் தள்ளுபடி செய்தார் என்று வேதாகமத்தில் ஓரிடமும் கிடையாது. உபாகமம் 15-ல் ஏழாம் வருஷம் கடனை விட்டுவிடச் சொல்லியிருக்கிறதே என்று யாராவது வருவார்கள். அது பிழைப்புக்குக் கைமாற்று வாங்கிய ஏழைக்கான சட்டம். சீட்டு நடத்திச் சுருட்டியவருக்கு அதில் இடமில்லை.

அவர் மேடையில் எடுத்த வசனம் கொலோசெயர் 2:14. மனிதன் கடவுளுக்குப் பட்ட கடன்சீட்டு சிலுவையில் அடிக்கப்பட்டுப் போயிற்று என்பது அதன் பொருள். கிறிஸ்தவ விசுவாசத்தின் நடுநாடியே அதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அப்போஸ்தலர் பவுல் கொலோசே ஊராருக்கு எழுதிய அதே நிருபத்தைப் புரட்டிக்கொண்டு கடைசி அதிகாரத்துக்கு வாருங்கள். 4:9-ல் ஒநேசிமு என்ற ஒருவனை "உங்களிலொருவன்" என்று சொல்லிப் பவுல் அந்த ஊருக்கு அனுப்பிவைக்கிறார். யார் இந்த ஒநேசிமு? பிலேமோன் என்ற எஜமானை விட்டுப் பிரிந்து வந்த அடிமை. காவலில் இருந்த பவுலிடம் வந்து சேர்ந்து விசுவாசியானவன். அவனைத் திருப்பி அனுப்பும்போது எஜமானுக்குப் பவுல் எழுதிய கடிதமும் புதிய ஏற்பாட்டில் இருக்கிறது. மொத்தம் 25 வசனம்தான். அதில் 18, 19 வசனங்கள் இப்படி: "அவன் உமக்கு யாதொரு அநியாயஞ்செய்ததும், உம்மிடத்தில் கடன்பட்டதும் உண்டானால், அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும். பவுலாகிய நானே இதை என் சொந்தக் கையாலே எழுதினேன், நானே அதைச் செலுத்தித் தீர்ப்பேன்."

ஒநேசிமு மனந்திரும்பிவிட்டவன். பவுல் அவனை 'என் மகன்' என்கிறார். "அவன் கடனெல்லாம் சிலுவையில் தீர்ந்துவிட்டது, நீர் கேட்கக்கூடாது" என்று ஒரு வரி எழுதியிருந்தால் வேலை முடிந்திருக்கும். அந்த ஆணியைப் பற்றி எழுதியவருக்கு அது தெரியாதா என்ன? அவர் அப்படி எழுதவில்லை. யாராவது கைக்காசைப் போட்டுத் தீர்க்க வேண்டிய கடனாகவே அதை வைக்கிறார். கடைசியில் தானே பொறுப்பேற்கிறார். (அடிமை முறையை ஏன் நேருக்கு நேர் கண்டிக்கவில்லை என்பது வேறு சண்டை, அதற்குள் இப்போது போகவில்லை.) ஆணியடித்த கையெழுத்தைப் பற்றிக் கேட்ட அதே ஊர்க்காரர்கள், "என் கணக்கில் வை" என்ற கடிதத்தையும் பார்த்திருப்பார்கள். மேடையில் பாதியை மட்டும் வாசிப்பது வசதியானது.

பழைய ஏற்பாட்டில் இது இன்னும் கறாராக இருக்கிறது. லேவியராகமம் 6-ஆம் அதிகாரத் தொடக்கம் கிட்டத்தட்ட உங்கள் அப்பாவுக்காகவே எழுதினது போலிருக்கும். பிறன் நம்பி ஒப்படைத்த பொருளை இல்லையென்று சொன்னவன், ஏமாற்றிப் பிடுங்கினவன், இவர்களைப் பற்றிய சட்டம் அது. எடுத்த முதலை முழுக்கத் திருப்ப வேண்டும். அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தர வேண்டும். பலிக்கான ஆட்டுக்கடாவைக் கர்த்தருக்குக் கொண்டுவருவது அதற்கு அடுத்த வசனத்தில்தான் வருகிறது. உங்கள் கணக்கில் 1,80,000-க்கு ஐந்தில் ஒன்று 36,000, ஆக 2,16,000. அப்பாதான் இறந்துவிட்டாரே என்றால் அதற்கும் பதில் உண்டு. எண்ணாகமம் 5-ல், பணத்தை வாங்கிக்கொள்ள இனத்தான் ஒருவனும் இல்லையென்றால் அதை ஆசாரியனிடம் கட்டு என்று இருக்கிறது. பறிகொடுத்தவன் செத்துவிட்டால் கணக்கு முடிந்தது என்ற பேச்சே இல்லை.

இயேசு இதை மாற்றிவிட்டாரா? பலிபீடம் வரைக்கும் காணிக்கையோடு வந்துவிட்டவனையே, உன் சகோதரனுக்கு உன்பேரில் குறை இருந்தால் அங்கேயே வைத்துவிட்டுப் போ, முதலில் அவனோடு ஒப்புரவாகு என்கிறார் (மத்தேயு 5:23-24). வரி வசூலித்துப் பணக்காரனான சகேயுவை எல்லோருக்கும் தெரியும். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு அவன் குள்ளனாக இருந்து மரத்தில் ஏறினதுதான் ஞாபகம் இருக்கும். "நான் ஒருவனிடத்தில் எதையாகிலும் அநியாயமாய் வாங்கினதுண்டானால், நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்" என்று அவன் சொன்ன பிறகுதான், "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்கிறார் இயேசு. ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நானும் பாதி வாசித்தவன் ஆவேன். இயேசு அவன் வீட்டுக்குள் போவதற்கு முன்னால் எந்தப் பணமும் கைமாறவில்லை. கிருபை முதலில் வந்தது, அதைத் தாங்க முடியாமல் பணப்பெட்டி திறந்தது. திருப்பிக் கொடுத்து யாரும் பரலோகத்தை வாங்க முடியாது என்று புராட்டஸ்டண்டுகள் சொல்வது இதைத்தான். கத்தோலிக்கர்களும் இங்கே பெரிதாக முரண்படவில்லை. குருவிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில் கிடைக்கும் மன்னிப்பு பாவத்தை நீக்கும், பாவம் செய்த சேதத்தைச் சரிசெய்யாது, திருடினதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அவர்கள் மறைக்கல்வியிலேயே இருக்கிறது. பெரிய வெள்ளி சமயத்தில் ஊட்டி காந்தல் குருசடிக்குப் போகிறவர்கள், அங்கே சங்கீர்த்தனம் கேட்கிற எந்தச் சாமியாரையும் கேட்டுப் பார்க்கலாம்.

இப்போது நம் நீலகிரி மலையிலேயே உள்ள ஒன்றைச் சொல்கிறேன். படுகர் ஊர்களில் மரணச் சடங்கின்போது, இறந்தவரும் அவர் முன்னோரும் செய்த பாவங்களை ஒரு பெரியவர் ஒவ்வொன்றாகச் சொல்வதும், கூட்டம் பாவம் என்று ஒப்புக்கொள்வதும், அவையெல்லாம் ஒரு கன்றின்மேல் போகட்டும் என்று கன்றை அவிழ்த்துவிடுவதும் வழக்கமாக இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் ஊட்டி பக்கத்துக் கேத்தியில் தங்கியிருந்த பாசல் மிஷன் என்ற புராட்டஸ்டண்டு ஊழியக்காரர்களும், பிறகு வந்த ஆங்கில அதிகாரிகளும் அந்தப் பட்டியலை எழுதிவைத்திருக்கிறார்கள். அதில் என்னென்ன வருகிறது என்று பாருங்கள்: எல்லைக் கல்லை நகர்த்தியது, அண்ணன் தம்பியைப் பிரித்தது, அதிகாரிகளிடம் கோள் சொன்னது, பசித்தவனுக்குச் சோறு போடாதது, குளிரில் விறைத்தவனுக்கு நெருப்புக் கொடுக்காதது, வழிப்போக்கனுக்குத் தப்பு வழி காட்டியது, திண்ணையில் தான் உட்கார்ந்துகொண்டு மாமியாரை விரட்டியது, மருமகளைக் கொடுமைப்படுத்தியது, அடுத்தவன் எருமை நிறையப் பால் கறக்கிறதே என்று பொறாமைப்பட்டது. அவிழ்த்துவிட்ட கன்றை அப்புறம் வேலைக்குப் பிடித்துக்கொண்டால் அதுவும் பட்டியலில் ஒரு பாவம்.

மிஷன்காரர்களுக்கு இதைப் பார்த்ததும் லேவியராகமம் 16 ஞாபகம் வந்ததில் ஆச்சரியமில்லை. அங்கே ஆசாரியனான ஆரோன் இரண்டு கையையும் உயிருள்ள ஆட்டின் தலைமேல் வைத்து, ஜனத்தின் அக்கிரமங்களை அறிக்கையிட்டு, அதை வனாந்தரத்துக்கு ஓட்டிவிடுகிறான். ஒன்றிலிருந்து இன்னொன்று வந்தது என்று நான் சொல்லவரவில்லை. படுகர் வழக்கம் படுகருடையது, அதைக் கிறிஸ்தவத்துக்கு முன்னோட்டமாக்கி உரிமை கொண்டாடுவதில் எனக்கு விருப்பமும் இல்லை. எனக்கு உறைத்தது வேறு. அந்தப் பெரியவர், "இவர் ஒரு பாவியாக இருந்தார்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டுக் கன்றை அவிழ்க்கவில்லை. எல்லைக் கல் என்றால் எல்லைக் கல். ஊரே கேட்கும். பக்கத்து நிலத்துக்காரரும் அங்கேதான் நிற்பார். உங்கள் சீட்டுக்காரர் மேடையில், "நான் குடித்தேன், பணத்தாசை பிடித்து அலைந்தேன்" என்று சொல்லியிருப்பார். "இந்தத் தோட்டத்து லைன் வீடுகளில் இன்னாரிடம் இவ்வளவு வாங்கினேன்" என்று சொன்னாரா? பெயரும் தொகையும் சொல்லாத சாட்சியைக் கேட்டு ஊர் கைதட்டலாம், அதற்குப் பாவ அறிக்கை என்று பேர் வைக்கக்கூடாது. யூதர்களும் தங்கள் பாவநிவாரண நாளைப் பற்றி இதே விதியைத்தான் மிஷ்னா என்ற தங்கள் பழைய சட்டத் தொகுப்பில் எழுதிவைத்தார்கள்: மனிதனுக்கும் கடவுளுக்கும் இடையிலான குற்றத்தை அந்த நாள் தீர்க்கும், மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையிலானதை, அடுத்தவனைச் சமாதானப்படுத்தும்வரை தீர்க்காது.

நம் திருச்சபைகளும் இதில் யோக்கியம் என்று நினைக்காதீர்கள். ஊட்டி புனித ஸ்தேவான் ஆலயத்துக்கு 1829-ல் அடிக்கல் நாட்டினார்கள். அதன் உத்தரமும் மரமும் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையிலிருந்து வந்தவை. 1799-ல் போரில் பிடித்த ஊரின் மரத்தில் கூரை போட்டு, அதன்கீழ் நின்று "எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்று ஜெபித்திருக்கிறார்கள். அழகான கோயில், நானும் அங்கே ஆராதனைக்குப் போயிருக்கிறேன். ஆனாலும் அண்ணாந்து பார்க்கும்போது கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும்.

சரி, அப்படியென்றால் சிலுவை எதற்கு, அவனவன் கடனை அவனவன் கட்டிவிட்டுப் போகலாமே என்று நீங்கள் கேட்கலாம். திருச்சபை இதற்கு ஒரே பதில் சொன்னதில்லை. ஆரம்ப நூற்றாண்டுகளில், பிசாசின் பிடியிலிருந்து மனிதனை மீட்கக் கொடுத்த விலை என்றும், மரணத்தை உள்ளே புகுந்து ஜெயித்த போர் என்றும் சொன்னார்கள். 1098 வாக்கில் கான்டர்பரி பேராயர் ஆன்செல்ம், கடவுளுக்குச் சேர வேண்டிய கனத்தை மனிதன் கொடுக்காமல் விட்டான், அந்தக் குறையை மனிதன்தான் நிரப்ப வேண்டும், ஆனால் கடவுளால்தான் முடியும், ஆகவே கடவுளே மனிதரானார் என்று வாதிட்டார். அடுத்த தலைமுறையில் பிரெஞ்சு இறையியலாளர் அபெலார்ட், அந்த அன்பைப் பார்த்து மனிதன் உருகுவதுதான் மீட்பு என்றார். 16-ஆம் நூற்றாண்டில் புராட்டஸ்டண்டு சீர்திருத்தவாதி கால்வின், நமக்கு வர வேண்டிய தண்டனையை அவர் ஏற்றுக்கொண்டார் என்பதை முன்னால் கொண்டுவந்தார். நம் ஊர்ப் பிரசங்கங்களில் கேட்பது பெரும்பாலும் இந்தக் கடைசி விளக்கம்தான்.

அதற்கு மேடைகளில் ஒரு கதை உண்டு. குற்றவாளிக் கூண்டில் நீதிபதியின் மகன். நீதிபதி சட்டப்படி அபராதம் போடுகிறார், அப்புறம் அங்கியைக் கழற்றிவிட்டு இறங்கிவந்து தானே அதைக் கட்டுகிறார். கேட்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். எனக்கு அந்தக் கதை பிடிப்பதில்லை. மகன் வண்டியை ஏற்றிக் காலை உடைத்தானே, அந்த ஆள் எங்கே? அவன் கோர்ட்டுக்குள்ளேயே இல்லை. நீதிபதி, மகன், அபராதம்; கதை முடிந்தது. அம்மாவிடம் மன்னிக்கச் சொன்ன போதகரின் மனதிலும் இந்தக் கதைதான் ஓடியிருக்கும்.

சுவிசேஷங்கள் சொல்லும் சிலுவையில் நடப்பது வேறு. அங்கே அடிபட்டவர்தான் கடவுள். பொய்ச்சாட்சி சொல்லப்பட்டவர், உடையைக்கூடச் சீட்டுப் போட்டுப் பிடுங்கப்பட்டவர். ஏமாந்தவனின் பக்கத்தில், அவனோடு சேர்த்து அடிக்கப்பட்ட நிலையில்தான் அவர் நிற்கிறார். உயிர்த்தெழுதல் என்பது, பறிகொடுத்தவர் பக்கம்தான் நியாயம் என்று தீர்ப்பான நாள். அதனால் உங்கள் அப்பாவைத் தாண்டிக்கொண்டு போய் யாரும் அவரிடம் தனியாகச் சமரசம் பேச முடியாது. சிறியவரில் ஒருவனுக்குச் செய்ததை எனக்கே செய்தீர்கள் என்று மத்தேயு 25-ல் சொல்கிறவர், உங்கள் லைனில் வசூலான பணத்தைத் தன்னிடம் எடுத்ததாகத்தான் எழுதிக்கொள்வார். தோட்டத்து ஜனங்களுக்கு யாக்கோபு 5:4 நன்றாகப் புரியும். பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது, அது கர்த்தரின் காதில் விழுகிறது என்கிறது அது.

இயேசுவின் பக்கத்தில் சிலுவையில் தொங்கி, பரலோக வாக்கு வாங்கின கள்ளன் ஒரு பைசா திருப்பிக் கொடுக்கவில்லையே? பெரிய வெள்ளி மும்மணி ஆராதனையில், சிலுவையில் இயேசு பேசினவற்றில் இரண்டாம் வார்த்தைக்கு வரும்போதெல்லாம் யாராவது இதைச் சொல்வார்கள். உண்மைதான். கையும் காலும் ஆணியில் இருக்கிறவனால் முடிந்தது வாயைத் திறப்பது மட்டும். "நாம் நியாயப்படி தண்டிக்கப்படுகிறோம்" என்று அதை அவன் செய்தான். முடியாதவனுக்குக் கிருபை குறுக்குக் கேள்வி கேட்பதில்லை. உங்கள் ஆள் விஷயம் வேறு. நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அவருக்கு ஒரு ஏக்கர் தேயிலை இருக்கிறது, மாதாமாதம் ஃபேக்டரிக்கு இலை போடுகிறார் என்று. அவர் கை இரண்டும் சும்மாதான் இருக்கிறது.

அம்மாவிடம் சொன்னதுக்கு வருகிறேன். மன்னிக்காத வேலைக்காரன் உவமையை (மத்தேயு 18) வைத்துத்தான் அந்தப் பயமுறுத்தல் வந்திருக்கும். அதில் ராஜா அந்த வேலைக்காரனுக்குத் தள்ளுபடி செய்தது பதினாயிரம் தாலந்து. ஒரு தாலந்துக்கு 6,000 வெள்ளிக்காசு, ஒரு காசு ஒரு நாள் கூலி என்று கணக்குப் போட்டால் ஆறு கோடி நாள் கூலி. அப்புறம் அவன் தன் சக வேலைக்காரனின் கழுத்தைப் பிடித்தது 100 காசுக்காக. ஆனால் 100 நாள் கூலி சில்லறை இல்லை; எந்தத் தோட்டத் தொழிலாளியும் அதைச் சொல்வார். இயேசுவும் அது ஒன்றுமில்லை என்று சொல்லவில்லை. அடுத்தது முக்கியம்: ராஜா தள்ளுபடி செய்தது தன்னுடைய பணத்தை. ஊரான் பணத்தை அவர் தள்ளுபடி செய்யவில்லை. அம்மா மன்னிப்பது என்றால், அந்த மனிதர் நாசமாகப் போக வேண்டும் என்ற ஆசையை விடுவது. அதை அவர் ஏற்கெனவே விட்டிருக்கலாம், எத்தனையோ அம்மாக்கள் விட்டுவிடுகிறார்கள். பணத்தை விடுவதும் விடாததும் முழுக்க அம்மாவின் இஷ்டம். நெருக்கிக் கேட்க எந்தப் போதகருக்கும் அதிகாரம் கிடையாது. லூக்கா 17:3-ல், உன் சகோதரன் குற்றம் செய்தால் அவனைக் கடிந்துகொள், மனஸ்தாபப்பட்டால் மன்னி என்றுதான் வரிசை.

அப்பாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கே அதிகம் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை. அவரை நரகத்துக்கு அனுப்பும் அதிகாரம் எந்த மேடைக்கும் தரப்படவில்லை. தங்கள் குற்றமின்றிச் சுவிசேஷத்தை அறியாமல், நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடுகிறவர்களும் மீட்படையலாம் என்று கத்தோலிக்கத் திருச்சபை 1964-ல், ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்திலேயே எழுதிவிட்டது. புராட்டஸ்டண்டுகளில் பலர் அவ்வளவு தூரம் வரமாட்டார்கள். "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ" என்று ஆபிரகாம் கேட்டதோடு நின்றுகொள்வார்கள். நான் அங்கேதான் நிற்கிறேன். ஆனால் லூக்கா 16-ஐ ஒரு தடவை எடுத்து வாசியுங்கள். அக்கினியில் கிடந்து "தகப்பனாகிய ஆபிரகாமே" என்று உறவு சொல்லிக் கூப்பிடுகிறவன் ஐசுவரியவான். ஆபிரகாமின் மடியில் இருப்பவன், அவன் வாசலில் கிடந்த பிச்சைக்காரன் லாசரு. லாசரு என்ன ஜெபித்தான் என்று ஒரு வரிகூட அங்கே இல்லை.

இனி செய்ய வேண்டியது. மத்தேயு 18:15-17 சொல்கிற வழியிலேயே போங்கள்: முதலில் தனியாக அவரிடம் கேளுங்கள், பிறகு இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு, சீட்டு நோட்டோடு, பிறகு சபையில். அந்தப் போதகரையே உட்காரவையுங்கள். விசுவாசியின்மேல் கோர்ட்டுக்குப் போகலாமா என்று 1 கொரிந்தியர் 6-ஐ எடுப்பார். எடுக்கட்டும், எட்டாம் வசனம்வரை சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள். நீங்களே சகோதரருக்கு நஷ்டம் செய்கிறீர்கள் என்று பவுல் அங்கே திட்டுவது ஏமாற்றியவர்களை. வழக்கைத் தீர்க்க உங்களுக்குள் ஒரு விவேகி இல்லையா என்றும் கேட்கிறார். அந்த விவேகி வேலையைப் போதகர் செய்யட்டும். மாதம் 3,000 ரூபாய் என்றால் அசல் ஐந்து வருடத்தில் தீர்ந்துவிடும்.

சபை கைவிரித்தால் போலீஸில் மனு கொடுக்க யோசிக்க வேண்டாம். பவுலே பிலிப்பியில் அதிகாரிகளை நேரில் வரவைத்தவர், ரோமப் பேரரசரான இராயனிடம் அப்பீல் செய்தவர். பதிவு செய்யாமல் சீட்டு நடத்துவது 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி குற்றம். சிவில் வழக்குக்குப் பொதுவாக மூன்று வருடக் கெடு. ஆகவே அவர் பேச்சுவார்த்தைக்கு வந்தால், கெடு முடிவதற்குள் முதல் வேலையாகத் தொகையைக் குறிப்பிட்டு, "இவ்வளவு தர வேண்டியிருக்கிறது" என்று தேதியோடு கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அன்றிலிருந்து கெடு புதிதாக ஓடும்.